கடைக்கோடிக் கிராமங்களை எட்டாத தொண்டு நிதி: தடையாக நிற்பது எது? - ஓர் அலசல்

ஒடிசாவின் தென்கோடியில் உள்ள மல்கான்கிரி மாவட்டத்தில் பாலிமேலா அணை கட்டப்பட்டபோது, நீர்த்தேக்கத்தின் மறுகரையில் இருந்த சுமார் 150 மலைக்கிராமங்கள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக அப்பகுதி மக்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் படகையே நம்பியிருந்தனர். 2018ஆம் ஆண்டு ஜூலையில் 910 மீட்டர் நீளமுள்ள குருபிரியா பாலம் திறக்கப்பட்ட பின்னரே அங்கு சாலைவழியாகப் பேருந்தும் ஆம்புலன்சும் செல்ல முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தின் பட்டியலிலும் மல்கான்கிரி இடம்பெற்றது.

பாலம் வந்த அந்தக் கிராமங்களில் ஒன்றில் இருபது பெண்கள் சேர்ந்து, மலைச் சுனை நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவரத் திட்டமிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். உழைப்பை அவர்களே தருவார்கள். குழாய்க்கும் தொட்டிக்கும் மூன்று லட்சம் ரூபாய் வேண்டும். நாட்டின் பெருநிறுவனங்கள் ஆண்டுதோறும் சமூகப் பணிகளுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது கடலில் ஒரு துளி. ஆயினும், இன்றுள்ள விதிகளின்படி அந்த மூன்று லட்சம் அப்பெண்களின் கையில் நேராகச் சேருவது ஏறக்குறைய இயலாத காரியம். அது ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன், பணம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பணம் குவியும் இடங்கள்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் எனப்படும் பெருநிறுவன சமூகப் பொறுப்பு நிதி இதுவே. முதல் ஆண்டான 2014-15இல் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த இச்செலவு, 2022-23இல் 30,000 கோடி ரூபாயை ஒட்டி உயர்ந்தது.

இத்தொகையில் பெரும்பங்கைப் பெறும் மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரம் தொடர்ந்து முன்னிலை வகிக்கிறது. கர்நாடகம், குஜராத், தமிழ்நாடு ஆகியவையும் முன்வரிசையில் உள்ளன. வடகிழக்கு மாநிலங்களுக்குச் செல்வது மிகச் சிறிய பங்கே. அதிலும் எண்ணெய் நிறுவனங்கள் இயங்கும் அசாமை விலக்கிவிட்டால் எஞ்சுவது சொற்பம். காரணம் எளிது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆவது பிரிவே கூறுகிறது. தொழிற்சாலை இருக்கும் இடத்தில் நிதியும் இருக்கும். தொழிற்சாலையே வராத மலைப்பகுதிக்கு 'சுற்றுப்புறம்' என்ற தகுதி கிடைப்பதில்லை.

இந்த முன்னுரிமை வழிகாட்டும் தன்மையுடையது, கட்டாயமில்லை என்று நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. உள்ளூர்த் தேவையையும் தேசிய முன்னுரிமைகளையும் நிறுவனங்கள் சமன்செய்ய வேண்டும் என்றும் கூறியது. ஆகவே மும்பையில் தலைமையகம் உள்ள நிறுவனம் மல்கான்கிரியில் செலவிடச் சட்டத் தடை ஏதுமில்லை. அப்படிச் செலவிட முன்வருவோர் அங்கே யாரிடம் பணத்தைக் கொடுப்பது என்ற இடத்தில்தான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

மூன்று லட்சத்துக்கான காகிதங்கள்

அந்த இருபது பெண்கள் சிஎஸ்ஆர் நிதியைச் செயல்படுத்தும் அமைப்பாக ஏற்கப்பட வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? முதலில் பதிவு பெற்ற சங்கமாகவோ, பொது அறக்கட்டளையாகவோ, லாபநோக்கற்ற நிறுவனமாகவோ அவர்கள் மாற வேண்டும். சங்கம் என்றால் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள், விதிமுறை ஆவணம், அலுவலக முகவரி ஆகியவை தேவை. பிறகு நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு. அதன்பின் வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று பரவலாக அறியப்படும் இரு பதிவுகள். 2021 ஏப்ரல் முதல் இவை நிரந்தரமானவையாக இல்லை; உரிய கால இடைவெளியில் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இவை கிடைத்த பின்னர், நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தில் 'சிஎஸ்ஆர்-1' படிவத்தின் வழியே பதிவு செய்ய வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட இப்படிவம் மின்னணுக் கையொப்பத்துடன் தாக்கல் செய்யப்பட வேண்டும். தொழில்புரியும் பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர், செலவுக் கணக்காளர் ஆகியோரில் ஒருவர் சான்றளிக்க வேண்டும். தொகுதித் தலைமையிடத்தில்கூடப் பட்டயக் கணக்காளர் கிடைக்காத பகுதிகள் நாட்டில் எத்தனையோ உண்டு. ஆண்டுதோறும் நன்கொடையாளர் விவர அறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். அது தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை இருக்கிறது. நிறுவனமோ அரசோ தொடங்காத, சுயமாக உருவான அமைப்பாயின், அதே வகைப் பணிகளில் அதற்குக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும். நிதி கிடைத்தால்தான் பணி செய்ய முடியும். பணி செய்திருந்தால்தான் நிதி கிடைக்கும். இந்தச் சுழலில் இருந்து வெளியேற, முதல் மூன்றாண்டுகளைச் சொந்தப் பணத்தில் நடத்தும் வசதி வேண்டும். நகரத்தில் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி தொடங்கும் அறக்கட்டளைக்கு அவ்வசதி இருக்கலாம். சுனை நீருக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு எங்கிருந்து வரும்?

இந்த விதிகளை வகுத்தவர்கள் காரணமின்றி வகுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டில் உள்ள லட்சக்கணக்கான தொண்டு நிறுவனங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே கணக்குகளைத் தாக்கல் செய்கின்றன என்று 2015ஆம் ஆண்டு மத்திய புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பெயர்ப்பலகை மட்டுமே கொண்ட அமைப்புகள் வரிவிலக்குச் சான்றிதழை வைத்துப் பணம் சுருட்டிய புகார்களும் புதியவை இல்லை. கண்காணிப்பு தேவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஒரு விதிக்கு இணங்குவதற்கான செலவு, அமைப்பின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. பத்துக் கோடி ரூபாய் கையாளும் நிறுவனமும், மூன்று லட்சம் கையாளும் மகளிர் சங்கமும் ஒரே படிவத்தை, ஒரே சான்றிதழை, ஒரே கால அட்டவணையில் தாக்கல் செய்கின்றன. முன்னதற்கு அது ஒரு கணக்கு அலுவலரின் சில நாள் வேலை. பின்னதற்கோ, மாவட்டத் தலைநகருக்குப் பலமுறை பயணம், தினக்கூலி இழப்பு, இடைத்தரகர் கட்டணம் என மொத்த நிதியில் கணிசமான பங்கே கரைந்துவிடும். மோசடி செய்யத் திட்டமிடுபவர் இந்தக் காகிதங்களை எளிதில் திரட்டிக்கொள்வார். அவரிடம் அதற்கான ஆள் பலம் உண்டு.

அடைபட்ட இடைவழிகள்

சிறிய குழுக்களால் இத்தனை பதிவுகளையும் பெற முடியாது என்பது கொடையாளர்கள் முன்பே அறிந்ததுதான். அதனால் இடைநிலை அமைப்புகள் உருவாயின. பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று மொத்த நிதியைப் பெற்று, கணக்குப் பொறுப்பைத் தானே ஏற்று, பகுதி பகுதியாகச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கும். பயிற்சி, தணிக்கை, மேற்பார்வை எல்லாம் அதன் வேலை.

இந்த இடைவழி கடந்த சில ஆண்டுகளில் குறுகிவிட்டது. 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம், ஓர் அமைப்பு பெறும் வெளிநாட்டு நிதியை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தருவதை முற்றாகத் தடை செய்தது. பெறுபவரும் அதே சட்டத்தில் பதிவு பெற்றிருந்தாலும் விலக்கு இல்லை. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நிதியைப் பெறும் முதல் கணக்கு புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நேரடியாகப் பதிவு பெற விரும்பும் அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அக்காலத்தில் தன் முதன்மைப் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும்.

இதன் விளைவு அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை கிராமங்களுக்குள் புகுந்தபோது வெளிநாடுகளிலிருந்து உதவி குவிந்தது. பெற்றுக்கொண்ட பெரிய அமைப்புகளால் அதைக் களத்தில் நின்ற சிறிய அமைப்புகளுக்குக் கொடுக்க இயலவில்லை. பொருளாக வாங்கி அனுப்பவும் புதிய விதிகள் குறுக்கே நின்றதாக அப்போது பரவலாகப் புகார் எழுந்தது. திருத்தங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையாகாது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று சட்டத்தின் செல்லுபடியை உறுதி செய்தது. எனவே சட்டரீதியில் விவகாரம் முடிந்துவிட்டது. கொள்கை ரீதியிலான கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

உள்நாட்டு நிதியிலும் அதே திசையில் ஒரு மாற்றம் வந்தது. ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம் மட்டுமே அறப்பணிச் செலவாகக் கணக்கிடப்படும் என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கூறியது. அடுக்கடுக்காக அறக்கட்டளைகளை அமைத்து, ஒவ்வொன்றும் 15 சதவீதத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் உத்தியைத் தடுப்பதே இதன் நோக்கம். நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும், பிரித்தளிப்பதையே தொழிலாகக் கொண்ட நேர்மையான அமைப்புகளும் அதே வலையில் சிக்குகின்றன.

2019-20 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட சமூகப் பங்குச் சந்தை மாற்று வழியாகப் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் முதல் தொண்டு நிறுவனம் அதில் பட்டியலிடப்பட்டது. முதலீட்டாளருக்கான குறைந்தபட்ச விண்ணப்பத் தொகையை இரண்டு லட்சத்திலிருந்து 10,000 ரூபாயாகவும், 2025இல் 1,000 ரூபாயாகவும் செபி குறைத்தது. கொடுப்பவருக்கு வாசல் அகலமானது. பெறுபவருக்கோ, முந்தைய நிதியாண்டில் குறைந்தது 50 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்ற தகுதி நிபந்தனை உண்டு. மலைக்கிராமக் குழுக்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அவற்றுக்கும் அந்தச் சந்தைக்கும் தொடர்பே இல்லை.

விண்ணப்பத்தின் மொழி

சட்டத்தைத் தாண்டி, கொடையாளர்களே எழுப்பி வைத்துள்ள சுவர் ஒன்றும் உள்ளது. பெரும்பாலான நிதி அழைப்புகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. இணையத்தில் மட்டும் வெளியாகின்றன. நோக்கம், வெளிப்பாடு, விளைவு, தாக்கம் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்த அட்டவணைகளைக் கேட்கின்றன. இந்த அட்டவணையை நிரப்புவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு நிதி கிடைக்கிறது. நன்றாக வேலை செய்பவர் பட்டியலுக்கே வருவதில்லை.

உள்ளூர் மொழியில் விண்ணப்பம் பெற்றால் போதும் என்பதும் முழு விடையாகாது. மல்கான்கிரியில் கோயா, போண்டா, திதாயி மக்கள் பேசும் மொழிகள் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லை. ஒடியாவில் எழுதச் சொன்னாலும் அது அவர்களுக்கு இரண்டாம் மொழிதான். 2022இல் தொடங்கப்பட்ட அரசின் 'பாஷினி' மொழிபெயர்ப்புத் தளம் போன்றவை அட்டவணை மொழிகளில் பெரிதும் உதவக்கூடும். அவற்றுக்கு அப்பால் உள்ள மொழிகளில், நேரில் சென்று பேசிக் கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கான பயணச் செலவைக் கொடையாளர் தன் செலவாக ஏற்க வேண்டும்.

இங்குதான் நிர்வாகச் செலவு பற்றிய தயக்கம் குறுக்கே வருகிறது. சிஎஸ்ஆர் விதிகளில் உள்ள 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு, நிறுவனம் தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைக்கவும் செயல்படுத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. நடைமுறையில் அந்த 5 சதவீதம் தொண்டு நிறுவனங்களின் தலையிலும் கட்டப்படுகிறது என்பது இத்துறையினரின் நெடுநாள் முறையீடு. கணக்காளர் ஊதியம், வாடகை, பயணம் எதற்கும் பணம் தராமல், கணக்கு மட்டும் துல்லியமாக வேண்டும் என்று கேட்பது எந்த வகை நியாயம் என்று தெரியவில்லை.

விதிவிலக்கான முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 2021இல் எடல்கிவ் அறக்கட்டளை முன்னெடுத்த 'குரோ' நிதியம், 100 சிறு, நடுத்தர அமைப்புகளுக்கு இரண்டாண்டு காலத்துக்கு ஊதியம், நிர்வாகம் உள்ளிட்ட அடிப்படைச் செலவுகளுக்கே நிதியளிக்க 100 கோடி ரூபாய் இலக்குடன் தொடங்கப்பட்டது. பல கொடையாளர்கள் ஒரே நிதியத்தில் சேர்ந்ததால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை எழுதும் சுமையும் குறைந்தது.

நாகாலாந்து காட்டும் சான்று

கடைக்கோடிச் சமூகங்களுக்குப் பணத்தைக் கையாளும் திறன் இருக்குமா என்ற ஐயம் கொடையாளர் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. ஆனால் முடிவுகளில் தெரிகிறது. இந்த ஐயத்துக்கு விடை நாகாலாந்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

பேக் மாவட்டத்தில் 1976இல் சோதனையாகத் தொடங்கிய கிராம வளர்ச்சி வாரியங்கள் பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. கிராமத்தின் நிரந்தரக் குடிமக்கள் அனைவரும் அதன் பொதுக்குழு உறுப்பினர்கள். வரி செலுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு மானியம் தருகிறது. எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராமமே தீர்மானிக்கிறது. நிதியில் 25 சதவீதம் பெண்களுக்கும் 20 சதவீதம் இளைஞர்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. 2002இல் மாநில அரசு மேலும் ஒருபடி சென்று, பள்ளி, சுகாதார நிலையம், மின் விநியோகம் ஆகியவற்றின் நிர்வாகத்தைக் கிராமக் குழுக்களிடம் ஒப்படைக்கும் சட்டத்தை இயற்றியது. ஆசிரியர் பணிக்கு வராவிட்டால் ஊதியத்தைப் பிடித்தம் செய்யும் அதிகாரமும் ஊரிடம் வந்தது. இம்முயற்சிக்கு 2008இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

குறைகள் அங்கும் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் ஆதிக்கம், பெண்களின் குரல் போதிய அளவு ஒலிக்காமை போன்ற விமர்சனங்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இருப்பினும், அரசுப் பணத்தைப் பெற்றுச் செலவிட்டு ஊரார் முன்னிலையில் கணக்குச் சொல்லும் பழக்கம் பல பத்தாண்டுகளாக வேரூன்றிய மாநிலம் அது. அந்தக் கிராம வாரியத்தைச் செயல்படுத்தும் அமைப்பாக ஏற்க சிஎஸ்ஆர் விதிகளில் நேரடி இடம் இல்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலும் ஒப்பான நிலையே. வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2009இல் சமூக வன உரிமை பெற்ற மெண்டா லேகா கிராமத்தின் கிராமசபை, 2011 முதல் தன் காட்டின் மூங்கிலைத் தானே விற்று வருவாயை நிர்வகித்தது. வணிகர்களோடு பேரம் பேசி, கணக்கு வைத்து, கூலி வழங்கிய கிராமசபைக்கு, அறக்கட்டளைச் சான்றிதழ் கிடையாது.

நாடு முழுவதும் பார்த்தால், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுமார் 10 கோடிப் பெண்கள் சுய உதவிக் குழுக்களில் உள்ளனர். அவர்களின் கிராம, குறுவட்டார அளவிலான கூட்டமைப்புகள் அரசின் சமூக முதலீட்டு நிதியைக் கையாளுகின்றன. கணக்கெழுதப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பொதுப்பணத்துக்குத் தகுதியானவர்கள் கொடைப்பணத்துக்குத் தகுதியற்றவர்கள் ஆவது எப்படி?

நம்பியதற்கு முன்னுதாரணம்

பதிவு பெறாத குழுவை நம்பலாமா என்ற கேள்வியை இந்தியா ஒருமுறை எதிர்கொண்டு விடையும் கண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்று மிகவும் பின்தங்கியிருந்த தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு பெறாத குழுக்களும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1990களின் தொடக்கத்திலேயே அனுமதித்தது. தீர்மானப் புத்தகம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடனைத் திருப்பிச் செலுத்தும் வழக்கம் ஆகியவையே அன்று தகுதிச் சான்றாக ஏற்கப்பட்டன. கடன் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டிய வங்கியே அதை ஏற்றது. திரும்பக் கேட்காத கொடையாளர் ஏற்கத் தயங்குவதில் பொருளில்லை.

செய்யக்கூடியவை அரிதானவையும் அல்ல. கிராமசபைக் குழுக்களையும் மகளிர் கூட்டமைப்புகளையும், குறிப்பிட்ட தொகை வரம்புக்குள், செயல்படுத்தும் அமைப்புகளாகச் சேர்க்க நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் தேவையில்லை; அமைச்சகம் விதியைத் திருத்தினால் போதும். நிறுவனங்கள் சிஎஸ்ஆர் பணிகளைத் தாமே நேரடியாகச் செய்யவும் விதி இடம் தருகிறது. அவ்வழியில், ஊர்க்கூட்டத் தீர்மானத்தின்படி குழாயையும் தொட்டியையும் நிறுவனமே வாங்கி ஒப்படைக்க இன்றே முடியும். ஒரு நிதியாண்டில் முடியாத பணிகளைத் தொடர் திட்டங்களாக அறிவித்து, அடுத்த மூன்று நிதியாண்டுகள் வரை செலவிடவும் 2021 விதிகளே அனுமதிக்கின்றன. மார்ச் மாத இறுதியில் அவசரமாகப் பணத்தைக் கொட்டி, மழைக்காலத்தில் பாதை அடைபடும் மலையில் ஜூனுக்குள் வேலையை முடிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டு நிதியைப் பிரித்தளிப்பதற்கான தடையை அரசு உடனே விலக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆனால் இரு தரப்பும் அதே சட்டத்தில் பதிவு பெற்றிருக்கும் நேர்வில், 2020க்கு முன்பு இருந்ததுபோல அனுமதிப்பதற்குப் பாதுகாப்புக் காரணம் எதுவும் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. பணத்தின் ஒவ்வொரு ரூபாயும் இரு கணக்குகளிலும் பதிவாகும்.

அளவைப் பார்த்து விதியைத் தளர்த்தலாம் என்ற கொள்கையை அரசே அண்மையில் ஏற்றுக்கொண்டுள்ளது. 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம், முந்தைய இரு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத வருமானம் உள்ள சிறிய அறக்கட்டளைகளுக்கு வருமான வரிப் பதிவின் காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்தாண்டுகளாக நீட்டித்தது. ஐந்து கோடிக்குப் பொருந்திய இந்த நியாயம் மூன்று லட்சத்துக்கும் பொருந்தும். சிஎஸ்ஆர்-1 படிவத்திலும் மூன்றாண்டு அனுபவ நிபந்தனையிலும் அத்தகைய சலுகை இன்னும் அறிவிக்கப்படவில்லை.